மணிலாக் கப்பல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் திண்டிவனம் பக்கத்துக்காரன். 1565 முதல் 1815 வரை பிலிப்பைன்ஸ் தீவுகளுக்கும் மெக்சிகோவுக்கும் நடுவே ஓடிய கப்பல்களைப் பற்றிப் பல வருடங்களாகப் பேசி வருகிறேன். பள்ளிப் பிள்ளைகளிடம், நூலகக் கூட்டங்களில், உறவுக்காரர் வீட்டுத் திண்ணையில் என்று இடம் மாறும். கேட்பவர்களும் மாறுவார்கள். கேள்விகள் மட்டும் மாறுவதில்லை. அவற்றைக் கேட்டவர்கள் வாயில் வந்தபடியே இங்கே தொகுத்திருக்கிறேன். ஒருமுறை சொன்னதைத் திரும்பச் சொல்லாமல், எந்தக் கேள்வியைப் பார்க்க வேண்டும் என்று குறிப்பிடுகிறேன்.

1. மணிலான்னா எங்க ஊர்ல வேர்க்கடலை. நீங்க எந்த மணிலாவைச் சொல்றீங்க?

பிலிப்பைன்ஸ் நாட்டின் தலைநகரைச் சொல்கிறேன். லூசோன் என்ற பெரிய தீவின் மேற்குக் கரையில், அலை அடங்கிய ஒரு விரிகுடாவுக்குள் இருக்கிறது அந்த ஊர். ஸ்பானியத் தளபதி மிகெல் லோபஸ் தெ லெகாஸ்பி 1571 ஜூன் 24 அன்று அதை ஸ்பானிய நகரமாக அறிவித்தார். அதற்கு முன்பே அங்கே ராஜா சுலைமான் என்ற முஸ்லிம் தலைவரின் ஆட்சியில் ஒரு குடியிருப்பு இருந்தது. சீன வணிகர்களும் புருனே வணிகர்களும் வந்து போய்க்கொண்டிருந்தார்கள். வெறும் மணல்மேட்டில் ஸ்பானியர்கள் ஊர் கட்டியதாக நினைக்க வேண்டாம்.

விழுப்புரம், கடலூர், திருவண்ணாமலைப் பக்கத்தில் மணிலாக்கொட்டை என்றும், பேச்சில் தேய்ந்து மல்லாட்டை என்றும் சொல்கிறோமே, அதில் இருப்பதும் இதே ஊரின் பெயர்தான். அது எப்படி நம் வயலுக்கு வந்தது என்பதை 16-ஆம் கேள்வியில் பார்ப்போம்.

2. அந்தக் கப்பல் எங்கேயிருந்து எங்கே போச்சு? என்ன ஏத்திக்கிட்டுப் போச்சு?

மணிலாவிலிருந்து மெக்சிகோவின் மேற்குக் கரையில் உள்ள அகபுல்கோவுக்கு. நடுவே இருப்பது பசிபிக் பெருங்கடல் முழுவதும். கேலியன் என்று பெயர் கொண்ட பெரிய பாய்மரக் கப்பல்கள் ஆண்டுக்கு ஒன்றோ இரண்டோ போய்வந்தன. மணிலாவில் ஏறிய சரக்கில் முதலிடம் சீனப் பட்டுக்கு. பிறகு பீங்கான், இந்தியப் பருத்தித் துணி, மசாலாப் பொருட்கள், தந்தச் சிற்பங்கள். 1573-ல் அகபுல்கோ போன கப்பல்களிலேயே 712 பட்டுத் துணிகளும் 22,300 பீங்கான்களும் இருந்தன. திரும்பி வரும்போது சரக்கு என்று சொல்லத்தக்கது வெள்ளி. மெக்சிகோ, பெரு நாட்டுச் சுரங்கங்களில் வெட்டி, பெசோ நாணயங்களாக அடித்த வெள்ளி. அதோடு பாதிரியார்கள், படைவீரர்கள், மணிலா நிர்வாகத்துக்கு மெக்சிகோ கஜானா அனுப்பிய மானியப் பணம்.

அகபுல்கோவில் சந்தை கூடும். வாங்கிய சரக்கைக் கோவேறு கழுதைகளில் ஏற்றி மலைப்பாதை வழியே மெக்சிகோ நகருக்குக் கொண்டுபோனார்கள். ஒரு பகுதி அங்கிருந்து வெராகுரூஸ் துறைமுகம் வழியாக அட்லாண்டிக்கைத் தாண்டி ஸ்பெயினின் செவில் நகரம் வரை போனது. சீனாவின் ஃபுஜியான் கரையில் ஏற்றிய ஒரு பீங்கான் கிண்ணம் இரண்டு பெருங்கடல்களைக் கடந்து ஸ்பெயின் வீட்டு மேசைக்குப் போனதை நினைத்துப் பாருங்கள்.

3. ஆப்பிரிக்காவைச் சுத்தி, இந்தியா வழியாப் போயிருக்கலாமே? ஏன் இவ்வளவு சுத்து?

அந்த வழி போர்ச்சுகலுடையது. 1494-ல் தோர்தெசில்லாஸ் என்ற ஊரில் ஸ்பெயினும் போர்ச்சுகலும் உட்கார்ந்து உலகத்தையே கோடு போட்டுப் பிரித்துக்கொண்டன. அந்த உலகத்தில் வாழ்ந்தவர்கள் யாரையும் கேட்கவில்லை. ஆப்பிரிக்கா வழியும் இந்தியப் பெருங்கடலும் போர்ச்சுகல் பக்கம் விழுந்தன. ஆசியாவுக்குப் போக வேண்டுமானால் ஸ்பெயினுக்கு மிச்சம் இருந்தது மேற்கு வழி ஒன்றுதான்.

மகெல்லன் 1521-ல் அந்த வழியாகத்தான் பிலிப்பைன்ஸ் வந்தார். ஏப்ரல் 27 அன்று மக்தான் தீவில், அந்தத் தீவின் தலைவர் லாபுலாபுவின் ஆட்களோடு நடந்த சண்டையில் இறந்தார். அவருக்குப் பின் வந்தவர்களுக்கு வருவதில் சிக்கல் இல்லை. திரும்பத்தான் முடியவில்லை.

4. போன வழியிலேயே திரும்ப வேண்டியதுதானே? கடல் ரெண்டு பக்கமும் ஒண்ணுதானே?

கடல் ஒன்றுதான். காற்று ஒன்றில்லை. நம் மீனவர்களைக் கேட்டால் ஒரு நொடியில் சொல்லிவிடுவார்கள். பூமத்தியரேகைக்குச் சற்று வடக்கே, 10 முதல் 15 டிகிரி அட்சரேகைப் பகுதியில், ஆண்டு முழுக்கக் கிழக்கிலிருந்து மேற்காகக் காற்று வீசும். நாம் கொண்டல் என்று சொல்லும் திசை. மெக்சிகோவில் பாய் விரித்தால் அது மூன்று மாதத்தில் பிலிப்பைன்ஸில் கொண்டுவந்து சேர்க்கும். அதே காற்றை எதிர்த்துத் திரும்ப முயன்றவர்கள் 1522 முதல் தோற்றுக்கொண்டே இருந்தார்கள். பசியிலும் நோயிலும் இறந்தார்கள், அல்லது இன்றைய இந்தோனேசியாவில் உள்ள மொலுக்கஸ் தீவுகளுக்குத் திரும்பிப் போர்ச்சுகீசியரிடம் சரணடைந்தார்கள்.

விடை கண்டவர் ஆந்த்ரெஸ் தெ உர்தனேத்தா. இளம் வயதில் மாலுமி, பிறகு அகுஸ்தீன் சபைத் துறவி. 1565 ஜூன் 1 அன்று செபு தீவிலிருந்து கிளம்பி, கிழக்கே போகாமல் வடக்கே ஏறினார். தென்மேற்குப் பருவக்காற்றும் ஜப்பான் பக்கம் ஓடும் குரோஷியோ நீரோட்டமும் மேலே தூக்கிவிட்டன. 35 டிகிரியைத் தாண்டிய பிறகு மேற்குக் காற்று கிடைத்தது. கலிபோர்னியாக் கரையைப் பிடித்துத் தெற்கே இறங்கி, அக்டோபர் 8 அன்று அகபுல்கோ சேர்ந்தார். அவருக்கு இரண்டு மாதம் முன்னரே, ஆப்பிரிக்க வம்சாவளியில் வந்த லோப்பே மார்த்தின் வழிநடத்திய சின்னக் கப்பல் ஒன்றும் இதே போலத் திரும்பிவிட்டது. ஆனால் பெயர் உர்தனேத்தாவுக்கே போனது. மார்த்தினைச் சொல்லாமல் இந்தக் கதையை முடிக்க எனக்கு மனம் வருவதில்லை.

5. பிலிப்பைன்ஸ்ல அப்படி என்ன விளைஞ்சுது, இவ்வளவு பேர் ஓடி வர?

இந்தக் கேள்விக்காகத்தான் இந்தப் பக்கத்தையே எழுதினேன் என்று சொல்லலாம். மணிலாவிலிருந்து போன சரக்கில் அந்தத் தீவில் விளைந்தது மிகக் குறைவு. பட்டு சீனாவுடையது. பருத்தித் துணி நம் சோழமண்டலக் கரையிலும் குஜராத்திலும் வங்காளத்திலும் நெய்தது. கிராம்பு மொலுக்கஸ் தீவுகளில் காய்த்தது. வெள்ளி அமெரிக்காவில் வெட்டியது.

தீவு கொடுத்தது இடம். ஃபுஜியான் கரையிலிருந்து சீனக் கப்பல் சில நாட்களில் வந்துவிடும் தூரம். கொண்டல் காற்று கொண்டுவந்து விடும் வாசல், பருவக்காற்று தூக்கிக்கொண்டு போகும் வாசல், இரண்டும் அங்கே இருந்தன. சீன அரசு ஸ்பானியரைத் தன் கரையில் காலூன்ற விடவில்லை, ஸ்பெயினும் சீனரை அகபுல்கோ வரை வணிகம் செய்ய விடவில்லை. இருவரும் சந்திக்க ஒரு திண்ணை தேவைப்பட்டது. மணிலா அந்தத் திண்ணை. இப்படிப்பட்ட இடத்துக்கு ஒரு தலைவிதி உண்டு. பொருள் எங்கே பிறந்தது என்பதை மறந்து, கைமாறிய ஊரின் பெயரை அதற்கு வைத்துவிடுவார்கள். ஸ்பெயினில் பெண்கள் போர்த்தும் பூவேலைப் பட்டுச் சால்வைக்கு 'மணிலாச் சால்வை' என்று பெயர். அதை நெய்ததும் பூவேலை செய்ததும் சீனர்கள்.

6. சீனாவுக்கு வெள்ளி மேல ஏன் அவ்வளவு ஆசை?

ஆசை என்பதைவிடத் தேவை என்பது சரி. அப்போது சீனாவை ஆண்ட மிங் அரசு அளவில்லாமல் அச்சடித்த காகிதப் பணம் 15-ஆம் நூற்றாண்டிலேயே மதிப்பிழந்தது. மக்கள் வெள்ளிக்கு மாறினார்கள். 16-ஆம் நூற்றாண்டில் நிலவரி, உழைப்பு வரி எல்லாவற்றையும் சேர்த்து வெள்ளியாகவே வாங்கும் சீர்திருத்தம் மாகாணம் மாகாணமாகப் பரவி, 1581-ல் நாடு முழுமைக்கும் வந்தது. பத்துக் கோடிக்கு மேல் மக்கள் வாழ்ந்த நாடு வரி கட்ட வெள்ளி தேடினால் என்ன ஆகும்? சீனாவில் ஒரு பங்கு தங்கத்துக்கு ஆறு பங்கு வெள்ளி கொடுத்தால் போதும் என்றிருந்த காலத்தில், ஸ்பெயினில் பன்னிரண்டு பங்கு கொடுக்க வேண்டியிருந்தது. கப்பலில் வெள்ளி சீனாவை நெருங்க நெருங்க அதன் மதிப்பு இரட்டிப்பானது.

தேதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பெருவின் மேட்டுநிலத்தில், இன்றைய பொலிவியாவில், பொட்டோசி மலையில் வெள்ளி கிடைத்தது 1545-ல். திரும்பும் வழி தெரிந்தது 1565-ல். தனியார் கடல் வணிகத்துக்கு மிங் அரசு போட்டிருந்த தடை தளர்ந்தது 1567-ல். மணிலா 1571-ல். எல்லாம் ஒரு தலைமுறைக்குள்.

7. வருஷத்துக்கு ஒரு கப்பல்னா லாபம் எவ்வளவு இருக்கும்? எல்லாரும் சரக்கு அனுப்பலாமா?

அனுப்ப முடியாது. 1593 முதல் அரசாணைப்படி மணிலாவிலிருந்து ஆண்டுக்கு 2,50,000 பெசோ மதிப்புக்கு மேல் சரக்கு போகக் கூடாது, 5,00,000 பெசோவுக்கு மேல் வெள்ளி திரும்பக் கூடாது. செவில் வணிகர்களும் ஸ்பெயினின் பட்டு நெசவுக்காரர்களும் கொடுத்த நெருக்கடிதான் காரணம். அமெரிக்க வெள்ளி தங்கள் கைக்கு வராமல் சீனாவுக்கு ஓடுகிறதே என்ற கவலை அவர்களுக்கு. கப்பலின் சரக்கு அறையைப் பங்குகளாகப் பிரித்து, போலேத்தா என்ற சீட்டாக மணிலாவின் ஸ்பானியக் குடிகளுக்குக் கொடுத்தார்கள். விதவைகளுக்கும் பாதிரியார்களுக்கும்கூடச் சீட்டு கிடைத்தது. கையில் முதல் இல்லாதவர்கள் சீட்டைப் பணக்கார வணிகரிடம் விற்றுவிடுவார்கள். முதல் வேண்டியவர்களுக்குத் தேவாலயத்தோடு சேர்ந்த அறக்கட்டளைகள் கடன் கொடுத்தன. கப்பல் மூழ்கினால் அசலும் போகும் என்பதால் வட்டியும் அதற்கேற்ப உயர்வு.

சட்டம் எவ்வளவு தூரம் நடந்தது? கணக்குப் போட்டால் தெரியும். ஒரு பெசோ சுமார் 27 கிராம். ஐந்து லட்சம் பெசோ என்றால் பதிமூன்றரை டன் வெள்ளி. பொருளாதார வரலாற்றில் அடிக்கடி எடுத்தாளப்படும் மதிப்பீடு ஆண்டுக்குச் சுமார் 50 டன். மிச்சம் எப்படிப் போனது என்று நான் விளக்க வேண்டியதில்லை. எழுதாத பெட்டிகள், கண்டும் காணாத அதிகாரிகள், சரக்குக்கு இடம் வேண்டும் என்று குறைக்கப்பட்ட குடிநீர்ப் பானைகள்.

8. குடிநீரைக் குறைச்சாங்களா? அப்போ பயணம் எப்படி இருந்திருக்கும்?

கொடுமையாக. மேற்கே வர மூன்று மாதம், கிழக்கே போக நான்கு முதல் ஆறு மாதம், சில சமயம் அதற்கு மேலும். 1697-ல் மணிலாவில் ஏறிய இத்தாலியப் பயணி ஒருவர் அகபுல்கோ போய்ச் சேர 204 நாள் ஆனது. உப்பில் ஊறிய இறைச்சி, புழு வைத்த ரொட்டி, மழை பெய்தால் பாய் விரித்துப் பிடித்த தண்ணீர். புதுக் காய்கனி இல்லாததால் ஈறு வீங்கிப் பல் உதிரும் ஸ்கர்வி நோய். வடக்கே ஏறும்போது குளிர். வெப்பநாட்டு மாலுமிகளுக்குப் போர்த்திக்கொள்ளத் துணிகூடப் போதாது.

மாலுமிகளில் பெரும்பாலோர் பிலிப்பைன்ஸ்காரர்கள். கூலி ஸ்பானியருக்குக் கொடுத்ததைவிட மிகக் குறைவு. அகபுல்கோவில் இறங்கியவர்களில் பலர் திரும்பி வரவில்லை. மெக்சிகோவின் கொலிமா கரையில் தங்கித் தென்னை வளர்த்தார்கள், கள் இறக்கினார்கள், அதைக் காய்ச்சி வடிக்கவும் செய்தார்கள். ஸ்பெயினின் திராட்சை மது விற்பனை குறைகிறது என்று 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே முறையீடு போகும் அளவுக்கு அந்தத் தொழில் வளர்ந்தது. பிலிப்பைன்ஸ் மொழிகளில் கள்ளுக்குத் 'தூபா' என்று பெயர். கொலிமாவில் இன்றும் அதே பெயர்தான்.

9. கப்பலைக் கட்டினது ஸ்பெயின்காரங்களா?

திட்டமும் மேற்பார்வையும் அவர்களுடையது. வேலை தீவு மக்களுடையது. பெரும்பாலான கேலியன்கள் மணிலா விரிகுடாவில் உள்ள கவித்தே துறையில் கட்டப்பட்டன. மரம் உள்ளூர்க் காட்டு மரம், கயிறு அபாக்கா என்ற வாழையினத்துச் செடியின் நார், பாய்த்துணி இலோகோஸ் பகுதிப் பருத்தி. நன்றாகக் கட்டிய கப்பல் 1,000 டன்னைத் தாண்டும்.

ஆண்டுக்கு 40 நாள் அரசுக்கு உழைத்தாக வேண்டும் என்பது ஆண்களுக்குச் சட்டம். நடைமுறையில் மரம் வெட்டப் போனவர்கள் மாதக்கணக்கில் வீடு திரும்பவில்லை. கூலி பாக்கி நின்றது, வயலில் விதைப்பு தவறியது. 1649-ல் சமார் தீவு ஆட்களை அவ்வளவு தொலைவிலுள்ள கவித்தேவுக்கு அனுப்பச் சொல்லி உத்தரவு வந்தபோது, பலாபாக் ஊரில் சுமுரோய் என்பவர் தலைமையில் கலகம் வெடித்தது. அக்கம்பக்கத்துத் தீவுகளுக்கும் பரவியது. 1650-ல்தான் அடக்கினார்கள். பட்டும் வெள்ளியும் பற்றிப் பேசும்போது இந்தப் பெயரையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

10. சீனர்கள் இல்லாம வியாபாரமே இல்லைன்னா, அவங்களை நல்லாத்தானே வச்சிருப்பாங்க?

அப்படித்தான் எவரும் எதிர்பார்ப்போம். மணிலாவில் சீனர்களுக்கு 1580-களின் தொடக்கத்தில் பரியான் என்ற தனிக் குடியிருப்பு ஒதுக்கினார்கள். கோட்டைச் சுவருக்கு வெளியே, கோட்டைப் பீரங்கியின் குறிக்குள். வணிகர் மட்டுமல்ல, ரொட்டி சுடுபவர், தச்சர், தையற்காரர், அச்சுக்கோப்பவர் என ஊரை நடத்தியவர்களே அவர்கள்தான். எண்ணிக்கையில் ஸ்பானியரைவிடப் பல மடங்கு. அந்தப் பயமே விஷமானது.

1603-ல் சந்தேகமும் வதந்தியும் கலகமாக மாற, ஸ்பானியரும் அவர்களோடு சேர்ந்த ஜப்பானியரும் தீவு மக்களும் சீனர்களைக் கொன்று குவித்தார்கள். இறந்தவர்கள் 15,000 முதல் 25,000 வரை என்று மதிப்பீடுகள் சொல்கின்றன. 1639-ல் மீண்டும் பெருங்கொலை. இரண்டு முறையும் சில ஆண்டுகளில் ஃபுஜியான் கப்பல்கள் திரும்பி வந்தன, பரியான் மறுபடி நிரம்பியது. வணிகம் மக்களைச் சேர்த்துவைக்கும் என்று மேடையில் யாராவது பேசினால் எனக்கு நினைவு வருவது இதுதான்.

11. அவ்வளவு பெரிய கடல்ல நடுவுல தீவே இல்லையா? ஹவாய் இருக்கே?

ஹவாய் 20 டிகிரி அட்சரேகையை ஒட்டி இருக்கிறது. 4-ஆம் பதிலை நினைவில் வையுங்கள். போகும் கப்பல் 35 டிகிரிக்கு மேலே, வரும் கப்பல் 15 டிகிரிக்குக் கீழே. 250 ஆண்டுகள் இரண்டு பக்கமும் கப்பல் ஓடியும் ஹவாய் இந்த வணிகத்தில் சேரவே இல்லை. நடுவில் இருந்ததே அதைக் காப்பாற்றியது.

குவாம் தீவுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. வரும் வழியில் நேராக அகப்பட்டது. தொடக்கத்தில் அந்தத் தீவின் சமோரோ மக்கள் பக்கமிதவை கட்டிய வேகப் படகுகளில் கப்பலைத் தேடி வந்து தேங்காயும் மீனும் கொடுத்து இரும்பு வாங்கிப் போனார்கள். 1668-ல் மதப் பணியும் படையும் நிரந்தரமாக வந்தன. கால் நூற்றாண்டுப் போரும் புது நோய்களும் அந்த மக்களைச் சில ஆயிரம் பேராகக் குறைத்தன. தண்ணீர் பிடிக்க ஒரு நிறுத்தம் வேண்டும் என்பதற்காக ஒரு இனம் கொடுத்த விலை அது.

12. இவ்வளவு வெள்ளி போனா கடற்கொள்ளைக்காரங்க சும்மாவா இருந்தாங்க?

நான்கு முறைதான் முழுக் கப்பல் ஆங்கிலேயர் கையில் சிக்கியது. 1587-ல் தாமஸ் கேவன்டிஷ் 'சாந்தா ஆனா'வைப் பிடித்தார். 1709-ல் வூட்ஸ் ரோஜர்ஸ், 1743-ல் ஜார்ஜ் ஆன்சன், 1762-ல் மணிலாவைத் தாக்கிய படை. ஆன்சன் பிடித்த 'கோவதோங்கா'வில் மட்டும் 13,13,843 பெசோ நாணயங்கள் இருந்தன. 7-ஆம் பதிலில் சொன்ன ஐந்து லட்ச வரம்பு அதற்குள் பத்து லட்சம் பெசோவாக உயர்ந்திருந்தது. அதையும் தாண்டிய தொகை இது.

கொள்ளைக்காரர்களைவிடப் புயலும் பாறையும் பல மடங்கு தின்றன. 250 ஆண்டுகளில் முப்பதுக்கும் மேற்பட்ட கேலியன்கள் தொலைந்தன.

13. இதுல தமிழ்நாட்டுக்கு என்ன சம்பந்தம்?

துணி. மெக்சிகோவின் வெயிலுக்குப் பட்டு பணக்காரர் உடுப்பு, பருத்தி எல்லாருக்கும். சோழமண்டலக் கரையில் நெய்து சாயம் தோய்த்த துணிகள் மணிலா வழியாக அமெரிக்கா போயின. 17-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து சென்னைக்கும் மணிலாவுக்கும் கப்பல் போக்குவரத்து தொடர்ந்து நடந்தது. ஆங்கிலேயர் மணிலாவில் வணிகம் செய்யக் கூடாது என்று ஸ்பெயின் தடை போட்டிருந்தது. அதனால் சென்னை ஆங்கிலேயர் தங்கள் சரக்கை ஆர்மீனியர், போர்ச்சுகீசியர், முஸ்லிம் வணிகர் பெயரில் அனுப்பினார்கள். மணிலா அதிகாரிகளுக்கும் தெரியும். துணி வேண்டும் என்பதால் விட்டுவிட்டார்கள். பதிலுக்கு வந்தது மெக்சிகோ வெள்ளி.

அந்த ஆர்மீனியரில் ஒருவர் கோஜா பெத்ரூஸ் உஸ்கான். மணிலா வணிகத்தில் பெரும் பொருள் சேர்த்துச் சென்னையில் குடியேறினார். 1726-ல் அடையாற்றின் குறுக்கே சைதாப்பேட்டையில் மார்மலாங் பாலத்தைத் தன் செலவில் கட்டினார், பரங்கிமலைப் படிகளையும் செப்பனிட்டார். பொட்டோசியில் ஒரு சுரங்கத் தொழிலாளி வெட்டிய வெள்ளி, அகபுல்கோ, மணிலா வழியே சுற்றிவந்து அடையாற்றுக்குப் பாலமான கதை இது என்று நான் பிள்ளைகளிடம் சொல்வதுண்டு.

14. மெட்ராஸ்ல இருந்து மணிலாவுக்குப் படையே போச்சாமே, நிஜமா?

நிஜம். ஏழாண்டுப் போரில் ஸ்பெயின் பிரிட்டனுக்கு எதிராக இறங்கியதும், 1762-ல் வில்லியம் டிரேப்பர், கடற்தளபதி சாமுவேல் கார்னிஷ் தலைமையில் சென்னையிலிருந்து படை கிளம்பியது. ஆங்கிலச் சிப்பாய்களோடு இங்கே சேர்த்த இந்தியச் சிப்பாய்களும் போனார்கள். அக்டோபர் 6 அன்று மணிலா விழுந்தது. 40 லட்சம் பெசோ மீட்புப் பணம் கேட்டார்கள். முழுசாக வரவே இல்லை. 1764-ல் ஊரைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கிளம்பினார்கள்.

சில சிப்பாய்கள் கப்பல் ஏறவில்லை. மணிலாவுக்குக் கிழக்கே கைந்தா என்ற ஊரில் அங்கேயே மணம் முடித்துத் தங்கினார்கள். அந்த ஊரில் அவர்களுடைய வம்சாவளியைச் சொல்லிக்கொள்ளும் குடும்பங்கள் இன்றும் உண்டு.

15. மிளகாய், உருளைக்கிழங்கு எல்லாம் இந்தக் கப்பல்லதான் இந்தியாவுக்கு வந்துச்சா?

மிளகாய் போர்ச்சுகீசியர் வழியாக, அட்லாண்டிக்கைச் சுற்றிக் கோவாப் பக்கம் வந்தது. மணிலாக் கப்பல் தொடங்கும் முன்பே வந்துவிட்டது. எல்லா அமெரிக்கப் பயிரையும் ஒரே கப்பலில் ஏற்றுவது தவறு.

மணிலா வழி வந்ததில் பெரியது சர்க்கரைவள்ளிக் கிழங்கு. 1593-ல் சென் ஜென்லாங் என்ற வணிகர் லூசோனிலிருந்து அதன் கொடியை ஃபுஜியானுக்குக் கொண்டுபோனார். அடுத்த ஆண்டுப் பஞ்சத்தில் அது உயிர்களைக் காத்தது. நமக்கு வந்ததில் பப்பாளியைச் சொல்லலாம். ஸ்பானிய அமெரிக்காவிலிருந்து பிலிப்பைன்ஸ், அங்கிருந்து மலாக்கா, அங்கிருந்து இந்தியா என்று 16-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே ஒரு டச்சுப் பயணி அதன் வழியைக் குறித்துவைத்தார். எதிர்த்திசையில் மாம்பழம் மெக்சிகோ போனது. அங்கே ஒரு மாம்பழ வகைக்குப் பெயரே 'மணிலா'. நம் மாங்காய் போர்ச்சுகீசியர் வாயில் 'மங்கா'வாகி, ஸ்பானியத்தில் 'மாங்கோ'வானது. கனி ஆசியா, சொல் நம்முடையது, பெயர் மறுபடி தீவுடையது.

16. அப்போ மணிலாக்கொட்டையும் மணிலாவிலிருந்துதான் வந்துச்சா?

செடி பிறந்தது தென் அமெரிக்காவில். அங்கிருந்து இரண்டு பக்கமாகப் பரவியது. போர்ச்சுகீசியர் கிழக்கே ஆப்பிரிக்காவுக்கு, ஸ்பானியர் மேற்கே பிலிப்பைன்ஸுக்கு. தமிழ்நாட்டின் வட மாவட்டப் பெயர் இரண்டாவது வழியைச் சுட்டுகிறது. ஆனால் பெயர் மட்டும் வைத்துக்கொண்டு வழியை உறுதி செய்யக் கூடாது. 5-ஆம் பதிலில் சொன்ன மணிலாச் சால்வையும் மணிலாவில் பிறந்ததில்லையே. பெயர் நமக்குச் சொல்வது இவ்வளவு: அந்தக் கொட்டையை முதலில் அந்தப் பெயரால் அழைத்தவர்களுக்கு மணிலா தெரிந்த ஊர். தெற்கே கடலை என்பார்கள், ஈழத்தில் கச்சான் என்பார்கள். மணிலா என்ற பெயர் ஒட்டிக்கொண்டது பழைய தென்னார்க்காட்டில். பரங்கிப்பேட்டையும் கடலூரும் புதுச்சேரியும் இருக்கும் கரை அது.

19-ஆம் நூற்றாண்டில் இதே பயிர் புதுச்சேரியிலிருந்து கப்பல் கப்பலாக மார்சேய்க்குப் போனது, எண்ணெய்க்கும் சோப்புக்கும். அது இன்னொரு நீண்ட கதை.

17. ஆட்களையும் ஏத்திட்டுப் போனாங்களா?

ஆம். போர்ச்சுகீசியர் இந்தியக் கரைகளிலும் தென்கிழக்கு ஆசியாவிலும் பிடித்தும் வாங்கியும் அடிமையாக்கியவர்களை மணிலாவில் விற்றார்கள். அங்கிருந்து ஒரு பகுதியினர் அகபுல்கோ போனார்கள். வங்காளமோ மலபாரோ ஜாவாவோ, எங்கிருந்து வந்தாலும் மெக்சிகோவில் எல்லாருக்கும் ஒரே பெயர்: 'சீனோ', சீனர். இங்கேயும் வழி பிறப்பை விழுங்கியது. 1672-ல்தான் ஆசிய அடிமைகளை விடுவிக்கும் ஆணை மெக்சிகோவுக்கு வந்தது.

அவர்களில் ஒருவருடைய வாழ்க்கை மட்டும் விரிவாகப் பதிவானது. முகலாய நாட்டில் பிறந்த ஒரு சிறுமி. கடத்தப்பட்டு, கொச்சி வழியாக மணிலாவில் விற்கப்பட்டு, 1621-ல் மெக்சிகோ சேர்ந்தாள். புவெப்லா நகரில் கத்தரீனா தெ சான் ஹுவான் என்ற பெயரில் வாழ்ந்து, புனிதவதியாக மதிக்கப்பட்டு 1688-ல் இறந்தாள். 'சீனா போப்லானா' என்ற மெக்சிகோப் பெண்கள் உடையை அவளோடு சேர்த்துச் சொல்வார்கள். அந்த உடை 19-ஆம் நூற்றாண்டுடையது, அவள் உடுத்தியதில்லை.

18. உலகமயமாக்கல் 1571-லேயே தொடங்கிடுச்சுன்னு படிச்சேன். சரியா?

பொருளாதார வரலாற்றாசிரியர்கள் சிலர் அப்படிச் சொல்கிறார்கள். மக்கள் செறிந்த எல்லாக் கண்டங்களும் இடைவிடாத வணிகத்தால் இணைந்தது மணிலா உருவான பிறகே என்பது அவர்கள் வாதம். மறுப்பவர்கள், ஊருக்கு ஊர் விலை ஒன்றையொன்று நெருங்கினால்தான் அது உலகச் சந்தை, அது 19-ஆம் நூற்றாண்டில்தான் நடந்தது என்கிறார்கள்.

எனக்கு முதல் தரப்புப் பக்கம் சாய்வு. அரிசியின் விலை வேண்டுமானால் ஊருக்கு ஊர் வேறுபட்டிருக்கலாம். ஆனால் சீன விவசாயி கட்டிய வரி, சமார் மரவெட்டியின் நாற்பது நாள், பொட்டோசிச் சுரங்கத்தில் கட்டாய முறைப்படி இறங்கிய ஆந்திஸ் மலைவாசியின் உழைப்பு, மூன்றும் ஒரே கயிற்றில் கட்டப்பட்டிருந்தன. அவர்களில் யாருக்கும் மற்றவரைத் தெரியாது.

19. அப்புறம் ஏன் நின்னுச்சு?

பல பக்கமும் அரித்தது. 18-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயரும் பிறரும் தென்சீனத் துறைமுகமான கான்டனில் நேராகவே சீனச் சரக்கு வாங்கினார்கள், திண்ணைக்குத் தேவை குறைந்தது. 1785-ல் ஸ்பெயினே வேறொரு அரச நிறுவனம் தொடங்கி மணிலாவோடு நேர் வணிகத்துக்கு முயன்றது. 1810-ல் மெக்சிகோ விடுதலைப் போர் தொடங்கியது. 1813-ல் விடுதலைப் போர்த் தலைவர் மொரேலோஸின் படை அகபுல்கோவைப் பிடித்தது. கடைசிக் கேலியன் 1815-ல் அகபுல்கோவிலிருந்து மணிலாவுக்குக் கிளம்பியது.

20. இதையெல்லாம் இப்போ எங்கே போய்ப் பார்க்கலாம்?

மணிலாவில் பழைய கோட்டை நகரமும், 1594-ல் கிறிஸ்தவச் சீனர்களுக்காக உருவான பினோந்தோ பகுதியும் இருக்கின்றன. அகபுல்கோவில் சான் தியேகோ கோட்டை இப்போது அருங்காட்சியகம். புவெப்லாவின் நீல வெள்ளை மண்பாண்டங்கள் சீனப் பீங்கானைப் பார்த்துச் செய்தவை.

அவ்வளவு தூரம் போக முடியாதவர்கள் சைதாப்பேட்டை போகலாம். உஸ்கானின் பாலம் இடிந்துபோய், இப்போது இருப்பது மறைமலை அடிகள் பாலம். ஆனால் அவர் வைத்த கல்வெட்டு பக்கத்தில் இருக்கிறது. பேருந்திலிருந்து பார்த்தால் கண்ணில் படாது. இறங்கி நடக்க வேண்டும்.